உட்காராத பிள்ளையும் பள்ளிக்கூடமும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே மலை ஒரு நெடுஞ்சுவர்போல் எழுந்து நிற்கிறது. பொழுது புலருமுன்பே ஊரின் தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நிற்கும். தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு பெண்கள் அவற்றில் நெருக்கி ஏறுவர். போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, ஏலத்தோட்டங்களில் பகல் முழுவதும் குனிந்து வேலை செய்து, மாலையில் இறங்குவர். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. தூரிலிருந்து புறப்பட்டுத் தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்ப்பது. முற்றிய காயை மட்டும் தேர்ந்து பறித்து, இளங்காயை அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்க வேண்டும். கண்ணும் கையும் சற்றும் பிசகலாகாத வேலை அது. 1956-ஆம் ஆண்டில் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது ஏலமலையின் பெரும்பகுதி கேரளத்துள் அமைந்தது. ஆகவே இப்பெண்களுள் பலர் ஒரு மாநிலத்தில் உழைத்து மற்றொரு மாநிலத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றனர். பள்ளி மணி அடிக்கும்போதும் தாய் மலைமேல் இருப்பாள். பள்ளி விடும்போதும் மலைமேல்தான் இருப்பாள்.

இம்மலையடிவாரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் நான் பல ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தேன். இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுவன். அவன் உட்கார்ந்து நான் கண்டதில்லை. கணக்கைப் பாதியில் விடுவான், பென்சிலைத் தொலைப்பான், சாலையில் ஜீப்பின் ஒலி கேட்டால் வாயிலுக்கு ஓடுவான், கேள்வியை முடிக்குமுன் விடையைக் கூவுவான், அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அது என் எரிச்சலை மிகுவித்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். பல நாள் அவனைத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டுப் பாடம் நடத்தினேன். இறுதியில் அவன் தாய்க்கு ஆளனுப்பினேன். ஒரு நாள் கூலியை இழந்து அவள் வந்தாள். நான் திரட்டி வைத்திருந்த குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சொன்னது இவ்வளவே:

"சார், அவன் உட்கார மாட்டான்னு எனக்கும் தெரியும். நிக்க வச்சாவது பாடம் சொல்லுங்க. வெளியே மட்டும் அனுப்பிடாதீங்க. வெளியே போனா மலைக்குத்தான் போவான்."

கற்ற வழக்கறிஞரும் இதனினும் சுருங்க வாதாடியிருக்க முடியாது. அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்து வந்தது. இத்தகைய பிள்ளை இக்காலத்தில் புதிதாகத் தோன்றியவனா? 'எங்கள் காலத்தில் இப்படியொரு நோயைக் கேட்டதே இல்லை' என்று முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கவனக் குறைபாடு என்னும் பெயர் புதிது என்பது உண்மைதான். பிள்ளை புதியவன் அல்லன்.

நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே வகுப்புப் பிரிவு இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு சுவடி. எல்லோரும் உரத்த குரலில் ஒரே சமயத்தில் படிப்பர். பாடத்தைத் தனக்கியன்ற வேகத்தில் ஒருவன் கற்கலாம். மணலில் விரலால் எழுதுகிறவன் கையும் சும்மா இருப்பதில்லை. அலைபாயும் பிள்ளைக்கு இவையெல்லாம் ஒருவகையில் இசைந்தவையே. ஆனால் அந்தத் திண்ணையைப் பொற்காலமாக்கிப் பேச எனக்கு மனம் வரவில்லை. கயிற்றைப் பிடித்துத் தொங்கச் செய்யும் கோதண்டமும், ஓடிப்போகும் பிள்ளையின் காலில் மரக்கட்டையைப் பிணைப்பதும் அங்கேதான் இருந்தன. பெற்றோரும் பிள்ளைக்காகப் பேசுவதில்லை. 'கண்ணையும் காதையும் விட்டுவிட்டு மற்றதை உரித்தெடுங்கள்' என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைப்பதே பலருக்கு வழக்கமாக இருந்தது.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் சென்னையில், படைவீரர்களின் ஆதரவற்ற சிறுவர்க்கென அமைந்த இல்லத்தின் பொறுப்பை ஏற்றிருந்தார். நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனையும் மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் தம் பள்ளியில் புகுத்தினார். 1797-இல் லண்டனில் அவருடைய நூல் வெளியாயிற்று. அம்முறைக்குச் சென்னை முறை என்றே பெயர் வழங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1798-இல், அதே லண்டனில் அலெக்சாந்தர் கிரைட்டன் என்னும் மருத்துவர் மனநோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இருவரும் ஸ்காட்லாந்தினர். ஒருவர் நூலை மற்றவர் படித்தாரோ இல்லையோ, இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். கவனம் என்பதற்கென்றே கிரைட்டன் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். எதிலும் மனத்தை நிலைநிறுத்த இயலாமை சிலரிடம் பிறவியிலேயே அமையக்கூடும் என்றார். பிரம்பின் அச்சமும் அன்பான வேண்டுதலும் இலக்கணப் பாடத்தில் கவனத்தைப் பொருத்தச் செய்யமுடியாத பிள்ளைகள் பலர் உண்டென்பதை ஆசிரியர் யாவரும் கண்டிருப்பர் என்றும் எழுதினார். கவனமின்மை பிள்ளையின் திமிரன்று என்று மருத்துவம் சொன்ன முதற்சொற்களுள் அது ஒன்று. பள்ளிகளின் காதில் அது விழவில்லை.

காரணம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில், தேர்ச்சி பெறும் பிள்ளைகளைக் கணக்கிட்டுப் பள்ளிகளுக்கு மானியம் வழங்கும் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், கேள்வி கேட்பார், விடை சொன்ன தலைகளை எண்ணுவார், அதற்கேற்பப் பணம் வரும். அலைபாயும் பிள்ளை முன்பு ஆசிரியருக்குத் தொல்லையாக இருந்தான். இப்போது நஷ்டமாகவும் ஆனான். நூறு விழுக்காடு தேர்ச்சியைப் பள்ளி வாயிலில் பலகையாக எழுதி வைக்கும் நம் ஆர்வத்தில் அந்தப் பழைய கணக்கின் வாடை இன்னும் வீசுகிறது.

1902-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் லண்டன் மருத்துவக் கல்லூரிப் பேரவையில் மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். 43 பிள்ளைகளை அவர் ஆராய்ந்திருந்தார். அவர்களுள் 20 பேருக்கு அறிவில் எக்குறையும் இல்லை. ஆயினும் தம்மைத் தாமே அடக்கியாளும் ஆற்றல் மட்டும் குறைந்திருந்தது. அக்குறையை அவர் ஒழுக்கத்தோடு பொருத்திப் பேசியதை இன்று எவரும் ஏற்பதில்லை. அறிவு வேறு, கட்டுப்படும் ஆற்றல் வேறு என்ற பிரிவினை நிலைத்தது.

அதற்கு ஏழாண்டுகளுக்குப் பின் நம் மயிலாப்பூரில் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1909-இல் நாராயணையா என்பவர் தம் பிள்ளைகளோடு அடையாற்றில் பிரம்மஞான சபையின் அருகே குடியேறினார். அவர் மனைவி 1905-இலேயே இறந்துவிட்டார். அப்பிள்ளைகளுள் ஒருவன் கிருஷ்ணமூர்த்தி. மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்தவன். மயிலாப்பூருக்கு நடந்து சென்று படித்தான். பாடம் நடக்கையில் அவன் கண் எங்கோ நிலைத்திருக்கும். கேட்டதற்கு விடை வராது. மந்தன் என்று முடிவுகட்டிய ஆசிரியர் ஏறத்தாழ நாள்தோறும் பிரம்பால் அடித்தார். வகுப்பிற்கு வெளியே அனுப்பிவிட்டு அவனை மறந்துவிடுவதும் உண்டாம். தம்பி நித்யா வந்து, தாழ்வாரத்தில் அழுதுகொண்டிருக்கும் அண்ணனின் கையைப் பிடித்து வீட்டிற்கு அழைத்துச் செல்வானாம். இதே சிறுவன் முன்பொரு நாள் வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப்போட்டு, மீண்டும் பூட்டி முடிக்கும்வரை பள்ளிக்குப் போக மறுத்தவன். கவனமே இல்லாதவனா அவன்?

சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் என்னும் ஆங்கிலேயர் சிறுவனைப் பள்ளியிலிருந்து விலக்கும்படி தந்தையை வற்புறுத்தினார். தந்தை தயங்கினார், ஆங்கிலப் பள்ளியை விட்டால் பிள்ளைக்கு உத்தியோகம் ஏது? மகனின் உடலில் அடி விழுவது நிற்காது என்று கண்டபின் இசைந்தார். வெளியே வந்த பிள்ளைக்குக் கற்பிப்பதும் எளிதாக இல்லை. வாய் பிளந்து நின்ற சிறுவனை ஒரு நாள் லெட்பீட்டரே பொறுமையிழந்து அறைந்துவிட்டார். பிள்ளைக்காகப் பரிந்து பேசியவர் கையும் ஓங்கத்தான் செய்தது. ஜே. கிருஷ்ணமூர்த்தி என்று உலகம் பின்னர் அறிந்தது அச்சிறுவனையே. அவர் தம் வாழ்நாளில் மிகுதியாகப் பேசிய பொருள்களுள் ஒன்று கவனம். மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியிலும், 1973-இல் சென்னை அடையாற்றிலும் அவர் முயற்சியால் பள்ளிகள் எழுந்தன. அவருக்கு இருந்தது கவனக் குறைபாடு என்று நான் சொல்லவில்லை. நூறாண்டு கடந்து ஒருவரின் நாடியைப் பிடிப்பது மருத்துவமன்று. நான் சொல்வது, அந்தத் தாழ்வாரத்தைப் பற்றி. அது மயிலாப்பூரிலும் இருந்தது. என் பள்ளியிலும் இருந்தது.

அவர் ஓடியாடித் தொல்லை தந்த பிள்ளையல்லர்; சும்மா இருந்து கனவு கண்ட பிள்ளை. இவ்வகையும் கவனக் குறைபாட்டில் உண்டு. பெண் குழந்தைகள் பலர் இவ்வகையினர். ஆதலால் அடியும் படாமல், உதவியும் பெறாமல், கடைசி வரிசையிலேயே ஆண்டுகளைக் கழித்துவிடுகின்றனர்.

மருத்துவ வரலாற்றின் எஞ்சிய பகுதியை விரைந்து சொல்லலாம். 1937-இல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி 30 சிறுவர்க்கு ஊக்கமூட்டும் மருந்தொன்றைக் கொடுத்துப் பார்க்க, அவர்களுள் 14 பேரின் பள்ளி வேலை வியக்கத்தக்க அளவு திருந்தியது. 1968-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதனை மிகைச்செயல் எதிர்வினை என்றது. 1980-இல் கவனக் குறைபாடு என்று பெயர் மாற்றியது. இன்றைய விதிப்படி, அறிகுறிகள் 12 வயதிற்குமுன் தோன்றியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். வீட்டில் மட்டுமோ பள்ளியில் மட்டுமோ அன்றி இரண்டு சூழல்களிலேனும் காணப்பட வேண்டும். இந்தக் கடைசி விதி பெற்றோர் அறியவேண்டியது. ஆசிரியரின் வாய்மொழி இல்லாமல் மருத்துவர் முடிவு சொல்வது அரிது. ஆகவே பள்ளியில் ஆசிரியர் இப்பிள்ளைக்குச் சாட்சி, நீதிபதி அல்லர். அன்று நான் நீதிபதியின் நாற்காலியில் அமர்ந்திருந்தேன்.

சட்டமும் மெல்ல மெல்ல அத்தாயின் பக்கம் வந்து சேர்ந்தது. 2003-இல் தமிழ்நாட்டுக் கல்வி விதிகள் திருத்தப்பட்டு, பிள்ளையின் உடலுக்கும் மனத்துக்கும் நோவுண்டாக்கும் தண்டனை விலக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதனை நாடு முழுவதற்கும் ஆக்கியது. எட்டாம் வகுப்பு முடியுமுன் எப்பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கலாகாது என்றது. அரசுப் பள்ளிகளிலும் அரசுதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு அமைத்து, அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. குற்றப்பத்திரிகை கேட்கவே பள்ளிக்கு வந்து பழகிய பெற்றோர்க்கு, உட்கார்ந்து பேச ஓர் இருக்கை கிடைத்தது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பள்ளிதோறும் சென்று கண்டறிய வேண்டிய 30 குறைகளுள் இதனையும் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை வரிசைப்படுத்தியது; கற்றல் குறைபாடு அதில் உண்டு, கவனக் குறைபாட்டுக்குத் தனிப்பெயர் இல்லை. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பது மிகுதியாதலால், சிலர் ஒன்றன் வாயிலாக மற்றதற்கும் உதவி பெறுகின்றனர். கவனக் குறைபாடு மட்டுமே உடைய பிள்ளை இன்னும் ஆசிரியரின் நல்லெண்ணத்தையே நம்பி நிற்கிறான்.

அத்தாய் இச்சட்டம் எதையும் படித்தவள் அல்லள். ஆயினும், நின்றுகொண்டே கற்கவிடுங்கள் என்று அவள் கேட்டதைத்தான், பிள்ளையின் தேவைக்கேற்ற இசைவு என்று சட்டநூல்கள் இன்று நீட்டி எழுதுகின்றன. மறுநாள் சன்னலோரம் ஓர் உயரமான பலகையைப் போட்டேன். அவன் அதன்மேல் நோட்டை வைத்து நின்றபடி எழுதினான். பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று மூன்றாகக் கொடுத்தேன். இடையில் சுண்ணக்கட்டி எடுத்துவரவும், கரும்பலகை துடைக்கவும் அவனையே ஏவினேன். சத்தம் முற்றிலும் நின்றுவிடவில்லை. பென்சில்கள் தொடர்ந்து தொலைந்தன. ஒரு முறை பலகையோடு சேர்ந்து விழுந்தான். மருத்துவரிடம் காட்டும்படி நான் சொல்லியும், போக்குவரத்துக்கும் கூலி இழப்புக்கும் அஞ்சி அவர்கள் செல்ல ஓராண்டாயிற்று.

ஐந்தாம் வகுப்பு முடியும்வரை பெரும்பாலும் நின்றுகொண்டே படித்தான். ஆறாம் வகுப்புக்கு ஊருக்குள் வேறு பள்ளி. அங்கே சேர்ந்த முதல் நாள், ஆளனுப்புமுன்பே, அவன் தாய் ஜீப்பை விட்டுவிட்டு வகுப்பாசிரியரைப் பார்க்கப் போனாள்.