எழுத்துக் கூட்டத் தெரியாத சிறுவன்: பாடசாலை உளநலப் பணியின் தோற்றம் பற்றிய ஒரு நோக்கு

பாடசாலை மாணவரின் உளநலம் பேணுதல் அண்மைக் காலத்துச் சிந்தனை என்றே எம்மிற் பலர் கருதுகின்றனர். அதன் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. அவ்வரலாற்றிற்குக் கால்கோள் இட்டவர் உளவியல் மேதை ஒருவர் அல்லர்; வகுப்பறையிலே நின்ற ஓர் ஆசிரியையே என்பது ஈண்டு நோக்கற்பாலது.

1896 ஆம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரப் பாடசாலை ஒன்றிற் கற்பித்த மார்கிறற் மகுவயர், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லைற்னர் விற்மர் நடத்திய உளவியல் வகுப்பிற்கும் சென்று வந்தார். அவர் அறிந்த மாணவருள் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அறிவிற் குறைந்தவனாக அவன் தோன்றவில்லை; எழுத்துக் கூட்டல் மாத்திரம் அவனுக்குக் கைவரவேயில்லை. இத்தகையோர் மந்தன் எனவும் சோம்பேறி எனவும் பெயர் சூட்டப்பெற்றுப் பின்வாங்கிலே கிடப்பது எந்நாட்டுக்கும் பழகிய காட்சிதான். மகுவயரோ அவனைத் தம் பேராசிரியரிடம் அழைத்துச் சென்றார். மனத்தின் இயல்பை ஆராயும் கலை பயனுடையதாயின், அது இச்சிறுவனுக்கு உதவவேண்டும் என்பதே அவர் கருத்து.

விற்மர், ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வுண்ட் என்பாரிடம் பயின்று 1892 இற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவர் கற்ற உளவியல், ஆய்வுகூடத்தில் புலனுணர்வுகளை அளந்து கணிக்கும் உளவியல். மாணவியின் வினாவுக்கு அதில் ஆயத்தமான விடை இருக்கவில்லை. ஆயினும் அவர் கைவிரிக்கவில்லை. முதலிற் சிறுவனின் கண்கள் பரிசோதிக்கப்பட்டன. ஒரு பொருள் அவனுக்கு இரண்டாகத் தெரியும் குறை வெளிப்பட்டது, மூக்குக்கண்ணாடி அணிவிக்கப்பட்டது. அத்துடன் யாவும் சீராகிவிட்டன என்று எழுத ஆசைதான், அவ்வாறு நிகழவில்லை. சொற்களின் வடிவை நினைவிற் கொள்வதிலும் அவனுக்கு இடர்ப்பாடு இருந்தது. ஆதலால் எழுத்தெழுத்தாகக் கூட்டாது, முழுச்சொல்லையும் ஒருங்கே இனங்காணும் பயிற்சி அவனுக்கு அளிக்கப்பட்டது. அப்பயிற்சியில் மகுவயருக்கும் பங்குண்டு. சிறுவன் மெல்ல மெல்ல வாசிக்கக் கற்றான்.

அவ்வாண்டிலேயே விற்மர் தம் பல்கலைக்கழகத்தில் உளவியற் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடக்கினார். 1907 இல் அவர் நிறுவிய சஞ்சிகை வாயிலாகச் சிகிச்சை உளவியல் என்னும் துறைப்பெயரும் வழக்கிற்கு வந்தது. அதனையொட்டிய ஆண்டுகளில் நியூயோர்க், பொஸ்ரன், ஹாட்போட் ஆகிய நகரங்களில், மாணவரின் வீடு தேடிச் செல்லும் ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். பிள்ளையின் நடத்தைக்குரிய காரணம் வகுப்பறைக்கு வெளியேயும் இருக்கலாம் என்பதை இந்நியமனங்கள் ஏற்றுக்கொண்டன.

இனி இலண்டனை நோக்குவோம். 1913 இல் இலண்டன் மாவட்ட அவை சிறில் பேட் என்பாரைப் பகுதிநேர உளவியலாளராக நியமித்தது. பாடசாலைகளுக்கென அரச அமைப்பு ஒன்று உளவியலாளரை நியமித்தமை பிரித்தானியாவில் இதுவே முதன்முறை. குற்றம் புரியும் சிறுவர் பற்றி 1925 இல் வெளியிட்ட நூலில், அவர்தம் நடத்தை ஒரு காரணத்தால் விளைவதன்று, பல காரணங்கள் கூடியே விளைகின்றது என்று அவர் நிறுவினார். அப்பகுதிகளைப் பயில்வோர் ஆசிரியரின் பரிவை உணராதிருக்க முடியாது. ஆயின் அதே பேட், நுண்மதி பெரிதும் பிறப்புரிமையானது என்றும், அதனை இளவயதிலே அளந்துவிடலாம் என்றும் இடையறாது வாதிட்டார். 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தை அடுத்து, 11 வயதிற் பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பாடசாலைகளுக்குப் பிரித்தனுப்பும் முறை பரவியபோது அவ்வாதம் அதற்கு அரணாயிற்று. இரட்டைப் பிள்ளைகள் பற்றி அவர் காட்டிய எண்கள் ஐயத்திற்குரியவை என 1974 இல் லியோன் கமின் சுட்டினார். 1979 இல் வெளிவந்த ஹேர்ன்ஷோவின் வாழ்க்கை வரலாறு அவற்றுட் சில புனையப்பட்டவை என்றே முடிவு செய்தது. பின்னர் பேட்டின் பக்கம் நின்று வாதிட்டோரும் உளர். எண்கள் மெய்யோ பொய்யோ, உதவி நாடி வந்த பிள்ளையின் முன் வைக்கப்பட்ட அளவுகோல், காலப்போக்கில் அவனைத் தரம் பிரிக்கும் கருவியாயிற்று என்பதில் ஐயமில்லை. 'இவனுக்கு என்ன இடர்?' என்று மகுவயர் கேட்டார். 'இவன் எவ்வளவு தேறுவான்?' என்பது பின்வந்தோர் வினா.

இவ்விரு வினாக்களும் எமது பாடசாலைகளுக்கும் அந்நியமல்ல. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை, ஆங்கிலேயரின் 11 வயதுத் தெரிவிலும் ஓராண்டு முந்தியே எம் பிள்ளைகளை எதிர்கொள்கின்றது. மறுபுறத்தில், உடற்றண்டனையைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005 இற் சுற்றுநிருபம் விடுத்தது. வழிகாட்டலுக்கும் ஆலோசனைக்கும் பொறுப்பான ஆசிரியர்களும் உளர். இக்கட்டுரையாளர் பயின்ற பாடசாலையிலும் ஆலோசனை அறை ஒன்று இருந்தது. பரீட்சை விண்ணப்பப் படிவங்களை நிரப்புதற்கே நாம் அங்கு சென்றோம்.