கோடைப் பயிற்சியும் வித்தியாலயத்து வழியும்

ஒரு மாதத்தில் ஒருவரை ஆசிரியராக்கிவிட முடியுமா? கோடை விடுமுறைகளில் புதிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடைபெறும்போதெல்லாம் எழும் இக்கேள்வி புதியதன்று. கொங்கு நாட்டுக் கல்வி வரலாற்றில் அதற்கு ஒரு விடை கிடைக்கிறது.

1937-ஆம் ஆண்டு வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் நடந்த கல்வி மாநாட்டைத் தொடர்ந்து, ஜாகிர் உசேன் தலைமையிலான குழு ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. ஆசிரியர் பயிற்சிக்கு அக்குழு இரு வழிகளைக் கூறிற்று: ஒன்று மூன்றாண்டு முழுப் பயிற்சி; மற்றொன்று அவசரத் தேவைக்கான ஓராண்டுக் குறுகிய பயிற்சி. அவசரப் பயிற்சிக்கே ஓராண்டு தேவை என்று கருதிய காலம் அது! அத்திட்டத்தைச் சேவாகிராமத்தில் முன்னின்று நடத்திய ஆரியநாயகம் இலங்கைத் தமிழர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இதற்கு ஏழாண்டுகள் முன்பே, 1930-இல், தி. சு. அவினாசிலிங்கம் கோவையில் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கியிருந்தார். வாடகை வீடொன்றில், அக்காலத்தில் தீண்டப்படாதோர் எனப்பட்ட சமூகத்துச் சிறுவன் ஒருவனைக் கொண்டு தொடங்கிய பள்ளி அது. பின்னர் மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள பெரியநாயக்கன்பாளையத்தில் வேரூன்றி வளர்ந்தது. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கி, உழைப்பையும் வழிபாட்டையும் படிப்பையும் பகிர்ந்துகொள்வதே அதன் முறை. 1950-இல் அவ்வளாகத்திலேயே ஆசிரியர் கல்லூரி எழுந்தது. ஆசிரியராக விரும்புவோர் பயிலும் இடமும் பிள்ளைகள் வாழும் இடமும் அருகருகே அமைந்தன. இந்த அண்மையே அதன் தனிச்சிறப்பு என்பேன்.

1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம், பள்ளிகளில் தமிழ்வழிக் கல்விக்கு ஊக்கமளித்தார். ஆங்கிலத்தில் கற்ற ஆசிரியர் தமிழில் கற்பிக்க வேண்டுமெனில் அவருக்கு ஆணை மட்டும் போதாது. கையில் நூல்கள் வேண்டும். 1946-இல் அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம், வித்தியாலயத்தில் ஆசிரியப் பணி புரிந்த பெ. தூரனின் பதிப்பாசிரியத்துவத்தில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக நிறைவுற்றது. ஆசிரியரை உருவாக்குதல் என்பதன் பொருள் எவ்வளவு விரிந்தது என்பதற்கு அது சான்று.

கோடைப் பயிற்சியின் வரலாறு வேறு. 1963-இல் அமெரிக்க உதவியுடன் இந்தியாவில் அறிவியல், கணித ஆசிரியர்களுக்கான கோடைப் பயிலரங்குகள் தொடங்கின. பாடப்பொருளில் நேர்ந்த புதிய வளர்ச்சிகளைப் பணியிலிருக்கும் ஆசிரியருக்குக் கொண்டு சேர்ப்பதே அவற்றின் நோக்கம். அந்த அளவில் அவை பயனுடையவையே. ஆனால் அவை நடந்தது பிள்ளைகள் இல்லாத கோடையில். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் குழு, ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் பல்கலைக்கழகத்திலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் தனித்து நிற்பதையே பெருங்குறையாகச் சுட்டிற்று.

கல்லூரி ஆசிரியர் நிலையோ இன்னும் விந்தையானது. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குக் கட்டாயமான பயிற்சி நமக்கு இல்லை. முதுகலைப் பட்டமும் தகுதித் தேர்வும் இருந்தால், நேரே வகுப்பறைக்குள் நுழைந்துவிடலாம். 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைக்குப் பின்னர் கல்விப் பணியாளர் கல்லூரிகள் உருவாகி, நான்கு வார அறிமுகப் பயிற்சி வந்தது. 2023-இல் அவற்றின் வழிவந்த மையங்கள் மாளவியா பெயரில் மறுசீரமைக்கப்பட்டன. பெயர்கள் மாறுகின்றன, பயிற்சி பெறுவோர் எதிரே மாணவர் இல்லாத நிலை மாறவில்லை.

குறுகிய பயிற்சிகள் வேண்டாம் என்பது என் கருத்தன்று. நீச்சலைக் கரையில் நின்றும் விளக்கலாம், கற்பது நீரில்தான். கோடையில் கேட்டதைச் சூன் மாதத்தில் வகுப்பில் செய்து பார்க்கும்போது, மூத்த ஆசிரியர் ஒருவர் கடைசி வரிசையில் அமர்ந்து கவனித்து, பின்னர் அன்போடு குறை சொல்லும் ஏற்பாடு ஒன்று போதும். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. பெரியநாயக்கன்பாளையத்து அண்மையைச் சிறிதளவேனும் நம் கல்லூரிகளுக்கு அது கொண்டுவரும்.