பால் வெட்டு: ரப்பர் ஆய்வின் அச்சாக நின்ற கேள்வி

ரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1876ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறார்கள். பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியில் ஹென்றி விக்காம் திரட்டிய ஏறத்தாழ 70,000 விதைகள் அந்த ஆண்டில் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தை அடைந்தன. முளைத்தவை 2,700 அளவில்தான். அவற்றுள் சுமார் 1,900 கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறி, கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. விதை வந்தது, தோட்டம் விளைந்தது, அமேசானின் ஏகபோகம் உடைந்தது என்று கதை நேராக ஓடுகிறது. ஆனால் விதை வந்து இருபது ஆண்டுகள் கழித்துத்தான், 1896இல், மலாக்காவில் டான் சே யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். கன்றுகள் வளர்ந்து, பூத்து, காய்த்து, புதிய விதைகளையும் உதிர்த்துக்கொண்டிருந்த அந்த இருபது ஆண்டுகளும் தோட்ட முதலாளிகள் காப்பியையும் தேயிலையையும் விட்டு இந்த மரத்தின் பக்கம் திரும்பவில்லை. மரம் கையில் இருந்தது. அதைக் கொல்லாமல் ஆண்டுக்கணக்கில் பால் எடுக்கும் வழி இன்னும் நிறுவப்படவில்லை. ரப்பர் ஆய்வின் வரலாறு விதையின் வரலாறாகவோ வேதியியலின் வரலாறாகவோ இருப்பதற்கு முன்னால் ஒரு காயத்தின் வரலாறாக இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மரத்தைக் கொல்லாமல் பால் எடுப்பது எப்படி என்ற கேள்விக்கு முதல் தெளிவான விடை 1890களில் கிடைத்தது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, பட்டையைக் கோடரியால் கொத்தும் முறையை விட்டு, சாய்வான ஒரு வெட்டின் கீழ் விளிம்பை மட்டும் மெல்லிய சீவலாக மீண்டும் மீண்டும் சீவிப் பார்த்தார். அதே காயத்தைத் திறக்கத் திறக்க, முதல் வெட்டில் வந்ததைவிட அடுத்தடுத்த வெட்டுகளில் பால் கூடுதலாக வந்தது. 1899ஐ ஒட்டி இலங்கையில் ஜான் பார்கின் தனியே செய்த சோதனைகளும் இதையே காட்டின. பாலை உறைய வைக்க அசெட்டிக் அமிலம் ஏற்றது என்று கண்டவரும் அவரே. காயத்துக்கு மரம் காட்டும் இந்த எதிர்வினை எல்லா ரப்பர் தரும் மரங்களுக்கும் உரியதன்று. மத்திய அமெரிக்காவின் கஸ்தில்லா மரம் ஆண்டுக்குச் சில வெட்டுகளையே தாங்கும். அசாமின் சார்துவாரில் 1870களிலேயே அரசு நட்ட சீமை ஆல் தோட்டமும், இலங்கையில் முதலில் பயிரிட்டுப் பார்த்த சியாரா ரப்பரும் நிலைக்கவில்லை. விக்காம் விதை திரட்டிய ஹீவியா மரம் வென்றது அதன் பால் தரமானது என்பதால் மட்டுமன்று. வெட்டிய இடத்திலேயே பாலை மீண்டும் நிரப்பும் ஆற்றல் அதற்கு இருந்தது; அந்த ஆற்றலைக் கண்டறிந்த பிறகுதான் அது தோட்டப் பயிராகியது.

பட்டையை நெருங்கிப் பார்த்தால் இதன் நுட்பம் விளங்கும். வெளியே கரடான பட்டை, உள்ளே மென்பட்டை, அதற்கும் உள்ளே, கட்டையை ஒட்டி, கேம்பியம் என்னும் மெல்லிய வளர் அடுக்கு. பால்குழல்கள் மென்பட்டையில் வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. கேம்பியத்தை நெருங்க நெருங்க அவை அடர்த்தியாகின்றன. ஆகவே கத்தி ஆழமாகப் போனால் பால் கூடும். ஒரு மில்லிமீட்டர் தவறிக் கேம்பியத்தில் பட்டால் அங்கே புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அதை வெட்ட முடியாது. குழல்களோ செங்குத்தாக ஓடுவதில்லை; கீழிருந்து மேலே போகையில் சற்றே வலப்புறம் சாய்கின்றன. இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாக, ஏறத்தாழ 30 பாகை சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழல்கள் திறக்கும். விடியற்காலையில் குழல்களுக்குள் அழுத்தம் மிகுதியாக இருப்பதால்தான் வெயில் ஏறுமுன் வெட்டு முடிய வேண்டும் என்கிறார்கள். மலாயாவின் பால்மரக் காடுகளில் இருட்டோடு பெரட்டு என்னும் காலை வருகைப் பதிவுக்கு நின்று, வெட்டுவதற்கான மர நிரை பிடித்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் நாள், இந்த மரத்தின் உடலியலுக்குக் கட்டுப்பட்டே விடிந்தது.

பால் ஏன் சில மணி நேரத்தில் நின்றுவிடுகிறது என்பது அடுத்த கேள்வி. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமத்ராவின் மேடானில் பணியாற்றிய ஃப்ரை-விஸ்லிங், வெட்டியதும் அழுத்தம் குறைந்து சுற்றியுள்ள திசுக்களிலிருந்து நீர் குழல்களுக்குள் புகுவதை ஆராய்ந்தார். 1960களில் மலாயா ரப்பர் ஆய்வுக் கழகத்தில் போட்மன் காட்டியது எளிமையானது: பால் வடிவது குறைந்ததும் அதே வெட்டை மறுபடி மெல்லச் சீவினால் ஓட்டம் மீள்கிறது. அப்படியானால் தடை வெட்டு வாயிலேயே இருக்கிறது. பாலில் மிதக்கும் லுட்டாய்டு என்னும் நுண்பைகள் உடைந்து ரப்பர்த் துகள்களைத் திரள வைத்துக் குழல் வாயை அடைக்கின்றன என்பதைப் பின்னர் மின்னணு நுண்ணோக்கி உறுதி செய்தது. எத்திலீனை வெளியிடும் எத்திஃபான் மருந்து 1970களில் தோட்டங்களுக்கு வந்தபோது, அது இந்த அடைப்பைத் தாமதப்படுத்தியே பாலைக் கூட்டியது.

வெட்டே ரப்பர் ஆய்வின் மையம் என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. விளைச்சலை உண்மையில் உயர்த்தியது கத்தியன்று, இனத்தேர்வே என்பார்கள். 1910களின் பிற்பகுதியில் ஜாவாவில் மொட்டு ஒட்டு முறை கைவந்த பின் நல்ல மரங்களைப் பெருக்க முடிந்தது. தேர்ந்தெடுக்காத விதைமரங்கள் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 500 கிலோ அளவில் தந்த இடத்தில், இன்று நல்ல ஒட்டுரகங்கள் 1,500 கிலோவையும் தாண்டுகின்றன. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பரவிய ஆர்ஆர்ஐஐ 105 என்னும் ஒட்டுரகம் இதற்குச் சான்று. இந்த உயர்வை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எந்த மரம் நல்ல மரம் என்று தேர்ந்தது வெட்டிப் பார்த்த அளவைக் கொண்டுதான். தேர்வாளர்களின் முதன்மை அளவுகோல் அதுவே. உயர்விளைச்சல் ரகத்தையே ஓயாமல் வெட்டினால் பட்டை வறண்டு, பால் அறவே நின்றுபோகிறது. இந்தப் பட்டை வறட்சிக்கு முழுமையான தீர்வு இன்றும் இல்லை. இனம் தருவது வாய்ப்பை. அது விளைச்சலாவது வெட்டில்.

மோட்டார் வாகனத் தேவைதான் தோட்டங்களை உருவாக்கியது என்பது இன்னொரு மறுப்பு. 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தபின் தேவை பெருகியது உண்மை. ஆயினும் அந்தத் தேவை முதலில் பாய்ந்தது அமேசான் காட்டுக்கும் காங்கோவுக்கும். காங்கோவில் ரப்பர்க் கொடிகளை வெட்டி வீழ்த்திப் பால் எடுத்தார்கள். மக்களையும் சேர்த்தே வதைத்தார்கள். தேவை மட்டும் இருந்தால் விளைவது சூறையாடல். 1914க்குள் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை விஞ்சியதற்கு, ஒரே மரத்தை இருபத்தைந்து ஆண்டுகள் வெட்டலாம் என்ற உறுதி தேவைப்பட்டது.

ரிட்லிக்கு முன்பே அமேசானின் பால் எடுப்போர் ஒரே மரத்தை மீண்டும் மீண்டும் வெட்டி வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய சிறுகோடரி கேம்பியத்தைக் காயப்படுத்தியது. ஆனால் மரம் திரும்பத் திரும்பப் பால் தரும் என்பதை அறிந்திருந்தவர்கள் அவர்களே. ஆய்வு நிலையங்கள் அளந்ததும் திருத்தியதும் தொழிலாளர் கையில் ஏற்கெனவே இருந்த ஓர் அறிவை. இன்று வெட்ட ஆள் கிடைக்காத நிலையில், எத்திஃபான் துணையுடன் வாரம் ஒரு வெட்டு என்ற முறையை இந்திய ரப்பர் ஆய்வுக் கழகம் பரிந்துரைக்கிறது. வெட்டு நாள் குறையக் குறைய ஒவ்வொரு வெட்டின் துல்லியமும் முக்கியமாகிறது. அதனால் இந்த ஆய்வுகளைத் திட்டமிடுவோர் வெட்டுத் தொழிலாளியைக் கூலிக் கணக்கில் மட்டும் வைக்காமல், பட்டையைப் பற்றி அவர் அறிந்ததையும் ஆய்வுத் தரவாகப் பதிவு செய்ய வேண்டும்.