காளி கண்டகிப் பாதை

நேபாள நாட்டிலே இரு பெரு மலைகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. மேற்கே நிற்பது தவளகிரி; அதன் உயரம் 26,795 அடி. கிழக்கே நிற்பது அன்னபூர்ணா. அதன் உயரம் 26,545 அடி. ஒன்று வெண்மலை எனப் பொருள்படும் பெயருடையது. மற்றது அன்னம் அளிக்கும் தேவியின் பெயரைத் தாங்குவது. இவ்விரு மலைகளுக்கும் இடையே, திபெத்து எல்லைப்புறத்தில் தோன்றித் தெற்கு நோக்கி ஓடிக் கங்கையின் நீரோடு கலக்கச் செல்கிறது காளி கண்டகி ஆறு. மலைமுடிகளுக்கும் ஆற்றுப்படுகைக்கும் இடையேயுள்ள ஆழம் ஏறத்தாழ 18,000 அடியாகும்.

இத்துணைப் பெரிய மலைத்தொடரை ஓர் ஆறு எவ்வாறு ஊடறுத்தது? மலை எழுவதற்கு முன்பே ஆறு அங்கே ஓடிக்கொண்டிருந்தது என்பது நிலவியலார் தரும் விடை. நிலம் சிறிது சிறிதாக உயர்ந்தபோது, ஆறு தன் வழியை விடாது அரித்துக்கொண்டே வந்தது. ஆகவே இமயத்தினும் மூத்தது இந்த ஆறு.

ஆறு வகுத்த வழியிலே மனிதரும் நடந்தனர். ஆற்றங்கரையோரமாகப் பல நூற்றாண்டுக் காலடிகளால் தேய்ந்த ஒரு பாதை செல்கிறது. உலகின் பல நாடுகளிலிருந்தும் மலைநடைப் பயணிகள் அதனை நாடி வருகின்றனர். ஆனால் அப்பாதையை ஆக்கியவர் அவர்களல்லர். அவர்களுக்கு முன் மலைமுடியை நாடிய வீரர் சென்றனர். வீரருக்கு முன் உப்பு வணிகர் சென்றனர். இறைவனை நாடிய யாத்திரிகரும் தொன்றுதொட்டே சென்றனர். ஒரு பாதையின் புகழ் ஒருவரைச் சார்வதும், அதன் உழைப்பு மற்றொருவரைச் சார்வதும் உலக வழக்கு. காளி கண்டகிப் பாதையின் வரலாறும் அத்தகையதே.

யாத்திரிகரை அங்கே அழைத்தது ஒரு கல். ஆற்றுப்படுகையிற் கிடைக்கும் கரிய, உருண்ட கல்லைப் பிளந்தால் உள்ளே சக்கரம்போற் சுருண்ட ஒரு வடிவம் காணப்படும். இதுவே சாளக்கிராமம். விருந்தையின் சாபத்தால் திருமால் கல்லானார் எனப் புராணம் கூறும். சிற்பி செதுக்காத திருவுருவாதலின், இதற்குப் பிரதிட்டையும் வேண்டுவதில்லை என்பர். நிலவியலார் கூறும் வரலாறும் வியப்பிற் குறைந்ததன்று. இந்தியத் தரையும் ஆசியத் தரையும் ஒன்றோடொன்று மோதி இமயம் எழுவதற்கு முன், அவ்விடத்திலே தெதிசு என்னும் கடல் இருந்தது. அக்கடலில் ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, சுருண்ட ஓடுடைய உயிர்களின் கல்லுருவே சாளக்கிராமம். பாற்கடலிற் பள்ளிகொண்டவனாகப் போற்றப்படும் தெய்வத்தை, கடல் விட்டுச் சென்ற கல்லிலே மக்கள் கண்டது எண்ணி மகிழத்தக்க ஓர் ஒற்றுமையாகும்.

இக்கல்லின் பெயராலேயே அத்தலம் தமிழ்நாட்டுக்கும் அறிமுகமாயிற்று. வைணவர் போற்றும் 108 திருப்பதிகளுள் சாளக்கிராமமும் ஒன்று. திருமங்கையாழ்வார் அதனைப் பாடியுள்ளார். ஆற்றின் மேற்பகுதியிலே, ஏறத்தாழ 12,000 அடி உயரத்தில் அமைந்த முக்திநாத்தையே அத்தலமாக வைணவ மரபு கொண்டாடுகிறது. கோயில் சிறியது, நேபாள முறையில் அடுக்குக் கூரையுடையது. அதனைச் சூழ்ந்துள்ள மதிலில் 108 நீர்த்தாரைகள் விழுகின்றன. பனி உருகி வரும் அந்நீரின் கீழே ஒன்றுவிடாமல் ஓடிச்சென்று நனைவது அடியார் வழக்கம். தென்னாட்டு வெயிலிலே வளர்ந்த முதியவர்களும் நடுங்கும் உடலோடு அவ்வாறு நீராடி எழுவர்.

முக்திநாத் இந்துக்களுக்கு மட்டும் உரிய தலமன்று. திபெத்தியப் பௌத்தர் அதனை நூற்றுக்கணக்கான ஊற்றுகளின் தலம் என்று தம் மொழியில் அழைப்பர். திபெத்துக்குப் பௌத்தத்தைக் கொண்டுசென்ற பத்மசம்பவர் அங்கே தவமிருந்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்துக்கள் திருமாலாகக் காணும் அதே திருவுருவத்தை அவர்கள் அவலோகிதேசுவரராகக் கண்டு வணங்குகின்றனர். பௌத்த பிக்குணிகளும் அக்கோயிற் பணியிற் பங்குகொண்டு வந்துள்ளனர். அருகேயுள்ள சுவாலாமாயி ஆலயத்திலே நிலத்தடி வாயுவினால் ஒரு சிறு நீலச்சுடர் எரிகிறது. அதன் பக்கத்திலேயே நீரும் ஓடுகிறது. தீயும் நீரும் பகையின்றி இருக்கும் அவ்விடத்தில் இரு சமயத்தாரும் விளக்கேற்றி வணங்குவர்.

வழிபாட்டுக்கு நடந்தவர் சிலராக, வாழ்வுக்கு நடந்தவர் பலராயினர். திபெத்துப் பீடபூமியின் ஏரிகளில் உப்பு விளைந்தது; தானியம் அருமையாயிருந்தது. நேபாளத்தின் தென் பள்ளத்தாக்குகளில் தானியம் விளைந்தது, உப்பு இல்லை. ஆதலின் வடக்கிலிருந்து உப்பும் கம்பளியும், தெற்கிலிருந்து அரிசியும் பிற தானியங்களும் இப்பாதையிலே வந்து மாறின. பண்டங்களைக் கோவேறு கழுதைகளும் கவரிமாக்களும் மனிதரும் சுமந்தனர். நடுவழியிலே வாழ்ந்த தக்காலி என்னும் இனத்தார் இவ்வணிகத்தின் தரகராயினர். துக்குசே என்னும் ஊர் அவர்களின் பெரிய சந்தையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நேபாள அரசு உப்பு வரி தண்டும் உரிமையைக் குத்தகைக்கு விட்டது. அதனைப் பெற்ற தக்காலிப் பெருவணிகர் சுப்பா என்னும் பட்டத்தோடு செல்வாக்குற்றனர். அக்குத்தகை முறை 1928ஆம் ஆண்டளவில் நீக்கப்பட்டது.

வணிகர் நடந்தால் உணவும் உறைவிடமும் வேண்டும். தக்காலிப் பெண்கள் வழியெங்கும் சத்திரங்கள் நடத்தினர். அப்பள்ளத்தாக்கிலே முற்பகலுக்குப் பின் பெருங்காற்று எழும். வெயிலால் வடக்கேயுள்ள உயர்நிலம் சூடேற, தெற்கேயுள்ள காற்று குறுகிய ஆற்றுவழியே இழுக்கப்படுவதே இதற்குக் காரணம். மணலை வாரி வீசும் அக்காற்றிலே நடத்தல் அரிது. ஆகவே வழிப்போக்கர் வைகறையிற் புறப்பட்டு, காற்று எழுமுன் அடுத்த ஊரை அடைந்து அடுப்பருகே அமர்ந்துவிடுவர். சத்திரம் நடத்த முதல் வேண்டியவர்க்கு டிகுர் என்னும் ஏற்பாடு உதவிற்று. பலர் சேர்ந்து பணமிட, முறைவைத்து ஒவ்வொருவராய்த் தொகையைப் பெறுவர். நம்மிடையே வழங்கும் சீட்டு முறை போன்றதே இது.

1846ஆம் ஆண்டு முதல் 1951ஆம் ஆண்டு வரை நேபாளத்தை ஆண்ட இராணாக்கள் பிறநாட்டார்க்குக் கதவடைத்திருந்தனர். அக்காலத்தே இப்பாதையில் நடந்த வெளிநாட்டாருள் குறிப்பிடத்தக்கவர் யப்பானியத் துறவியான எக்காய் கவாகுச்சி. பௌத்த நூல்களின் மூலத்தைத் தேடிய அவர், 1899ஆம் ஆண்டில் சீனத் துறவிபோல வேடம்பூண்டு வந்தார். முஸ்தாங்கிலுள்ள சாராங் என்னும் ஊரிலும், பின்னர் மார்ப்பாவிலும் தங்கித் திபெத்திய மொழி பயின்றார். காவலர் இல்லாத கணவாய் வழியே 1900ஆம் ஆண்டில் திபெத்தினுட் புகுந்தார்.

கதவு திறக்கத் தொடங்கியபோது முதலில் வந்தவர் மலையேறும் வீரர். 1950ஆம் ஆண்டு மொரிசு எர்சோக் என்பவரின் தலைமையில் வந்த பிரெஞ்சுக் குழுவினர் துக்குசேயிற் பாளையமிட்டனர். அவர்கள் கையிலிருந்த நிலப்படம் பிழையானது. மலை கண்முன் நின்றும் அதற்கு வழி காணாது பல வாரங்கள் அலைந்தனர். இறுதியில் யூன் 3ஆம் நாள் எர்சோக்கும் இலாசெனாலும் அன்னபூர்ணா முடியை அடைந்தனர். 8,000 மீற்றருக்கு மேற்பட்ட மலைமுடியில் மனிதர் கால்வைத்தது அதுவே முதன்முறை. வெற்றியின் விலை பெரிது. பனி கடித்துக் கால்விரல்களை இருவரும் இழந்தனர். எர்சோக் கைவிரல்களையும் இழந்தார். நடக்கமாட்டாத அவர்களைச் செர்ப்பாக்களும் சுமையாட்களும் முதுகிலே சுமந்து பள்ளத்தாக்கிற் கொணர்ந்தனர். முடியை அடைந்தவர் பெயரை உலகம் அறியும். சுமந்தவர் பெயரை அறிந்தோர் சிலரே. பத்தாண்டுகளின் பின், 1960ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், தவளகிரி முடியில் முதன்முதல் நின்ற அறுவருள் நவாங் டோர்சே, நீமா டோர்சே என்னும் செர்ப்பாக்கள் இருவரும் இடம்பெற்றனர்.

அதே காலத்திலே பழைய வணிகம் சாய்ந்தது. 1959ஆம் ஆண்டின் பின் திபெத்து எல்லையிற் கட்டுப்பாடுகள் இறுகின. தெற்கிலிருந்து இந்தியக் கடலுப்பு மலிவாக வந்து சேர்ந்தது. வடக்கிலிருந்து இறங்கிவந்த ஏரியுப்பின் இடத்தைத் தெற்கிலிருந்து ஏறிவந்த கடலுப்பு பற்றிக்கொண்டது. துக்குசேயின் பண்டசாலைகள் வெறுமையாயின. தக்காலியர் பலர் பொக்காரா, காத்மாண்டு முதலிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர்.

எஞ்சியிருந்தவர்க்குக் கைகொடுத்தது சத்திரமே. 1964ஆம் ஆண்டில் சிம்மி உரொபேட்சு என்னும் ஓய்வுபெற்ற ஆங்கிலப் படைஅதிகாரி, மலைமுடியை நாடாது மலைவழியே நடக்க விரும்புவோர்க்காக நேபாளத்தில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். மலைநடைப் பயணம் ஒரு தொழிலாக வளர்ந்தது. 1977ஆம் ஆண்டில் அன்னபூர்ணாவைச் சுற்றிவரும் பாதை வெளிநாட்டார்க்குத் திறக்கப்பட்டது. உப்பு வணிகர்க்குச் சோறிட்ட இல்லங்கள் பயணிகளுக்குச் சோறிட்டன. விறகுக்காகக் காடு அழிவதைக் கண்டு, 1986ஆம் ஆண்டில் அன்னபூர்ணாப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. பயணிகள் செலுத்தும் கட்டணத்தை ஊர்மக்களின் கைவழியே காட்டுக்கும் ஊருக்கும் செலவிடுவது அதன் நோக்கம்.

உப்பு போயிற்று, விழா போகவில்லை. ஆவணி அவிட்டத்தன்று தமிழகத்து அந்தணர் பூணூல் மாற்றும் அதே முழுநிலா நாளை நேபாளியர் சனைப் பூர்ணிமை என்பர். அந்நாளில் முக்திநாத்தில் இந்து யாத்திரிகர் திரள்வர். அப்போதே அங்குள்ள பௌத்தர் யார்துங் என்னும் விழாவை எடுப்பர். கோடை முடிவைக் குறிக்கும் விழா அது. பல ஊர்களிலிருந்தும் இளைஞர் அழகு செய்த குதிரைகளில் வந்து பந்தயம் விடுவர். ஒருபுறம் பூணூலும் நீராட்டும், மறுபுறம் குதிரைக் குளம்பொலியும் பாட்டும். ஒரே நிலவின் கீழே இரண்டும் நிகழும்.

தக்காலியர்க்கே உரிய விழா லா பேவா என்பது. குரங்கு ஆண்டு வரும்போது, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அது நிகழும். அவர்களின் நான்கு குலத்துத் தெய்வங்களும் யானை, மகரம், சிங்கம், கவரிமா ஆகிய முகங்களோடு வெளியே எழுந்தருளும். குலவரலாறு பாடப்படும். நகரங்களிற் கடை வைத்திருப்போரும், அந்நகரங்களிற் பிறந்து தாய்மொழி மறந்த பிள்ளைகளும் தம் மூதாதையர் ஊருக்கு மீள்வர். உப்பைத் தேடிச் சேர்ந்த இனம் உப்பில்லாமற் சிதறியபோது, அதனை மீண்டும் ஓரிடத்திற் கூட்டும் ஆற்றல் அவ்விழாவுக்கு இருக்கிறது.

மலைக்கும் கடலுக்கும் உள்ள உறவை மக்கள் மறந்தாலும் இயற்கை மறப்பதில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் நாள் வங்கக் கடலில் எழுந்த உட்உட் என்னும் சூறாவளி விசாகப்பட்டினத்தைத் தாக்கிற்று. இரு நாட்களின் பின் அதன் ஈரம் 700 மைலுக்கு அப்பால் அன்னபூர்ணா மலைகளிற் பெரும் பனிப்புயலாய் இறங்கிற்று. முக்திநாத்துக்கு மேலேயுள்ள 17,769 அடி உயரமான தொரோங் கணவாயிலும் அயலிலும் குறைந்தது 43 பேர் மாண்டனர். பயணிகளோடு, அவர்களுக்கு வழிகாட்டியோரும், சுமை தூக்கியோரும், மந்தை மேய்த்தோரும் அவருள் அடங்குவர். கரையிலுள்ளோர்க்குக் கிடைத்த எச்சரிக்கை மலையிலுள்ளோரை உரியவாறு சென்றடையவில்லை. 2023ஆம் ஆண்டில் நேபாள அரசு, வெளிநாட்டுப் பயணிகள் வழிகாட்டி இன்றித் தனியே மலைவழி செல்லலாகாது என்று விதித்தது.

2008ஆம் ஆண்டளவில் மோட்டார் வீதியும் அப்பள்ளத்தாக்கை எட்டிற்று. இப்பொழுது முக்திநாத்துக்கு அண்மைவரை வண்டியிற் செல்லலாம். நடக்க விரும்புவோர் அதனை எண்ணி வருந்துவர். ஆயின் மகப்பேற்றுக்கு உதவி வேண்டி நிற்கும் தாய்க்கும், தன் தோட்டத்து அப்பிளைச் சந்தைக்கு அனுப்ப வேண்டிய உழவனுக்கும், வாழ்நாளில் ஒருமுறை சாளக்கிராமம் காண விழையும் முதியவர்க்கும் வீதி ஒரு பேறு. பாதையின் அழகைக் காப்பதற்காக அவர்களை நடந்தே வருமாறு பணிக்க எவருக்கும் உரிமையில்லை. பழைய சத்திரங்கள் சில மூடப்படுவதும், பெரும் வாகனங்களின் புழுதி ஊர்களில் நிறைவதும் உண்மையே. உப்பு வணிகம் அழிந்தபோது அம்மக்கள் வேறு வழி கண்டனர். இதற்கும் காண்பர் என்று நம்புதற்கு அவர்களின் வரலாறே சான்று.

எனினும் அங்குச் செல்வோர், வண்டியிற் செல்லினும் காலால் நடப்பினும், ஒன்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பனிமுடிகளை இயற்கை தந்தது. அவற்றின் அடிவாரத்திலே, அஞ்சாது நடக்கத்தக்க ஒரு வழியையும், இரவிலே தங்க ஒரு கூரையையும், பசித்தபோது ஒரு பிடி சோற்றையும் தந்தவர் மனிதர். ஆவணி முழுநிலவிலே முக்திநாத்தின் நீர்த்தாரைகளின் கீழ் நனைந்து வெளிவரும் யாத்திரிகனுக்கு, குதிரைப்பந்தயம் காண வந்த பௌத்தக் குடியானவன் சூடான தேநீர் தருவான். அவ்விருவரும் ஒருவர் மொழியை ஒருவர் அறியார். கோயிலுள் இருக்கும் தெய்வத்துக்கு அவர்கள் இடும் பெயரும் வேறு. தேநீரின் சூட்டிலே அவ்வேற்றுமை தடையாவதில்லை.