கைப்பேசிக்குள் மறையெழுத்து

மறையெழுத்து என்றவுடன் ஒற்றர்களும் படைத்தலைவர்களும் நம் நினைவுக்கு வருகின்றனர். அரண்மனைச் சூழ்ச்சி, போர்க்களம், தூதுவரின் பெட்டி ஆகியவற்றோடுதான் வரலாற்று நூல்கள் அதனைத் தொடர்புபடுத்திக் கூறிவந்தன. ஆனால் இன்று உலகில் மறையெழுத்தை மிகுதியாக ஆள்பவர் மன்னரும் அல்லர், ஒற்றரும் அல்லர். பேருந்தில் கல்லூரிக்குச் செல்லும் மாணவரும், சந்தையில் கீரை விற்கும் அம்மையாரும் தத்தம் கைப்பேசியில் நாள்தோறும் அதனைக் கையாளுகின்றனர். கையாளுகிறோம் என்பதை அறியாமலே கையாளுகின்றனர். அரசர்களின் அந்தரங்க அறையில் இருந்த ஒரு கலை, அந்த அம்மையாரின் சுருக்குப்பைக்குள் வந்து சேர்ந்த வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல முற்படுகிறேன்.

பழங்காலத்து மறையெழுத்து மிக எளியது. உரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர், ஒவ்வோர் எழுத்துக்கும் மாற்றாக, நெடுங்கணக்கில் அதற்கு மூன்றிடம் தள்ளி வரும் எழுத்தை இட்டு மடல் வரைந்தார் என்று சூட்டோனியஸ் என்னும் வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். தமிழில் இதனைச் செய்து பாருங்கள். மெய்யெழுத்துகள் பதினெட்டையும் வரிசையாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் மூன்றிடம் தள்ளினால், 'படம்' என்னும் சொல் 'ரநல்' ஆகிவிடும். பார்ப்பவர் திகைப்பார். எனினும் முறை இன்னதென்று ஊகித்த ஒருவர் பதினேழு முறை தள்ளிப் பார்த்தால் போதும், பொருள் வெளிப்பட்டுவிடும். நம் நாட்டிலும் இக்கலை இருந்தது. வாத்ஸ்யாயனர் தொகுத்த அறுபத்து நான்கு கலைகளின் பட்டியலில் 'ம்லேச்சித விகற்பம்' என்பதும் ஒன்று. எழுத்துகளை முறைப்படி மாற்றியமைத்துப் பிறர் அறியாவண்ணம் கருத்தை உணர்த்துவது அது.

எழுத்துகளை வரிசையாகத் தள்ளாமல், மனம் போனவாறு மாற்றிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் விடை கண்டுவிட்டார் ஓர் அறிஞர். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல்-கிந்தி என்பவர் அவர். ஒவ்வொரு மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும். சில அருகியே வரும். மறைமடலில் எந்தக் குறி மிகுதியாக வருகிறது என்று எண்ணி, அதனை மொழியில் மிகுதியாக வரும் எழுத்தோடு பொருத்திப் பார்த்தால், மூடிய கதவு மெல்லத் திறக்கத் தொடங்கும் என்று அவர் எழுதிவைத்தார். பூட்டுச் செய்யும் கலையோடு பூட்டைத் திறக்கும் கலையும் அன்று முதல் உடன்வளரலாயிற்று.

இவ்விரு கலைகளும் மோதியபோது ஓர் அரசியின் தலை உருண்டது. ஸ்காட்லாந்தின் அரசியாயிருந்த மேரி, 1568ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் எலிசபெத் அரசியின் காவலில் இருந்துவந்தார். 1586இல் அவர் சார்ட்லி என்னும் மாளிகையில் சிறை வைக்கப்பட்டிருந்தார். அம்மாளிகைக்கு வரும் பீர்ப் பீப்பாய்களுக்குள் கடிதங்கள் ஒளித்து வைக்கப்பட்டு உள்ளே சென்றன. மேரியின் மறுமொழிகளும் அவ்வாறே வெளியே வந்தன. ஆண்டனி பாபிங்டன் என்னும் இளைஞர், எலிசபெத்தைக் கொன்று மேரியை அரியணையில் ஏற்றும் திட்டத்தைக் குறியெழுத்தில் எழுதி அனுப்பினார். ஜூலை 17ஆம் நாள் மேரி அதற்கு இசைவு தந்து விடையெழுதினார். அதுவும் குறியெழுத்தில்தான். ஆனால் அந்தப் பீப்பாய் வழியே எலிசபெத்தின் அமைச்சர் வால்சிங்கம் விரித்த வலை என்பதை மேரி அறியார். ஒவ்வொரு கடிதமும் முதலில் தாமஸ் பெலிப்ஸ் என்பவரின் மேசைக்குச் சென்றது. அவர் குறிகளை எண்ணிப் பொருளை விடுவித்துவிட்டு, கடிதத்தை மீண்டும் முத்திரையிட்டு அனுப்பிவந்தார். ஜூலை 17ஆம் நாள் மடலைப் படித்து முடித்ததும், தம் படியின்மேல் ஒரு தூக்குமரத்தை வரைந்துவைத்தாராம். அதனோடு விடவில்லை. உடந்தையாயிருப்போரின் பெயர்களைக் கேட்டு, மேரியே எழுதியதுபோல, அதே குறியெழுத்தில் ஒரு பின்குறிப்பையும் சேர்த்தார். பாபிங்டனும் கூட்டாளிகளும் அவ்வாண்டு செப்டம்பரில் கொல்லப்பட்டனர். 1587 பிப்ரவரி 8ஆம் நாள் மேரியின் தலை துண்டிக்கப்பட்டது. குறியெழுத்தே இல்லாதிருந்தால் மேரி அத்துணை வெளிப்படையாக எழுதியிருக்கமாட்டார் என்பது என் கருத்து. வலுவற்ற பூட்டு, பூட்டே இல்லாமையினும் கேடானது. அது காப்பதில்லை, காப்பதாக நம்பச் செய்கிறது.

மூன்று நூற்றாண்டுகள் கடந்து, 1883ஆம் ஆண்டில், ஆகஸ்ட் கெர்க்காப்ஸ் என்னும் மொழியாசிரியர் படைத்துறைக்குரிய மறையெழுத்தைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நெதர்லாந்தில் பிறந்து பிரான்சில் ஆசிரியத் தொழில் புரிந்தவர் அவர். உலகத்தார் அனைவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அந்நாளில் ஆக்கப்பட்ட 'வோலபூக்' என்னும் செயற்கை மொழியைப் பரப்பியதிலும் அவர் முன்னின்றார். யாவரும் விளங்கிக்கொள்ளும் மொழிக்கு உழைத்த ஒருவரே, யாருக்கும் விளங்கா எழுத்துக்கும் இலக்கணம் வகுத்தது வேடிக்கையன்றோ! அவர் வகுத்த விதிகளுள் தலையாயது இது: மறைக்கும் முறை பகைவர் கையில் சிக்கினாலும் கேடு விளையக் கூடாது, இரகசியம் முழுவதும் திறவுகோலில் மட்டுமே இருத்தல் வேண்டும். திறவுகோலைத் தாளில் எழுதிவைக்காமல் நினைவிற்கொள்ள இயலவேண்டும் என்றும், வேண்டும்போது அதனை மாற்ற இயலவேண்டும் என்றும் அவர் கூறினார். உங்கள் கைப்பேசியில் நீங்கள் இடும் ஆறிலக்க எண்ணை நினைத்துப் பாருங்கள். கெர்க்காப்ஸ் சொன்ன திறவுகோலின் வழிவந்ததே அது.

இரண்டாம் உலகப் போரின் எனிக்மா பொறியைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் 1932இலேயே அதன் அமைப்பைக் கண்டறிந்ததையும், பின்னர் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பூங்காவில் அப்பணி தொடர்ந்ததையும் இங்கு விரிக்க வேண்டுவதில்லை. நம் கதைக்கு வேண்டியது, போருக்குப்பின் கணிப்பொறிகள் வங்கிகளுக்கும் வாணிகத்திற்கும் வந்ததுதான். குடிமக்களின் செய்திகளையும் காக்க வேண்டிய தேவை அப்போது பிறந்தது. 1977இல் அமெரிக்க அரசு டி.இ.எஸ். என்னும் முறையைப் பொதுத்தரமாக ஏற்றது. கெர்க்காப்ஸ் கூறியவாறே முறை அச்சிட்டு வெளியிடப்பட்டது. திறவுகோல் மட்டுமே மறைபொருள். அத்திறவுகோல் 56 இரும இலக்கங்களால் ஆனது. ஆகவே இருக்கக்கூடிய திறவுகோல்கள் 720 கோடி கோடிக்கும் மேற்பட்டவை. பெரிய எண்தான், ஆயினும் போதவில்லை. 1998இல் அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு ஒன்று, இரண்டரை இலட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் ஒரு பொறியைக் கட்டி, 56 மணி நேரத்தில் சரியான திறவுகோலைக் கண்டுகாட்டியது.

அதற்கு முந்திய ஆண்டிலேயே புதிய முறை ஒன்றிற்கு உலகறிய அழைப்பு விடுக்கப்பட்டிருந்தது. 15 முறைகள் போட்டிக்கு வந்தன. போட்டியிட்டவர்களே ஒருவர் முறையை மற்றவர் உடைக்க முயன்றனர். இறுதியில் பெல்ஜியம் நாட்டவரான யோன் டேமன், வின்சென்ட் ரைமன் ஆகிய இருவர் ஆக்கிய முறை 2000ஆம் ஆண்டில் தெரிந்தெடுக்கப்பட்டு, 2001 நவம்பரில் தரமாயிற்று. ஏ.இ.எஸ். என்பது அதன் பெயர். அதன் மிகச் சிறிய திறவுகோலே 128 இரும இலக்கங்கள் உடையது. ஓரிலக்கம் கூடினால் தேடுபவனின் உழைப்பு இரட்டிக்கும் என்பதை நினைவிற்கொண்டு, 56க்கும் 128க்கும் இடையேயுள்ள தொலைவை நீங்களே கணக்கிடுங்கள். பல நாட்டுக் கணித அறிஞர்கள் கால் நூற்றாண்டாகத் தாக்கிப் பார்த்தும், இம்முறையை நடைமுறையில் உடைக்கும் வழி காணப்படவில்லை.

இனிக் கைப்பேசிக்கு வருவோம். தொடக்கக் காலத்துத் திறன்பேசிகளில் திரைப் பூட்டு இருந்தது. ஆனால் உள்ளே இருந்த படங்களும் மடல்களும் பெரும்பாலும் உள்ளவாறே கிடந்தன. முன்கதவைப் பூட்டிவிட்டுச் சுவரை மண்ணால் எழுப்பிய வீட்டைப் போன்றது அது. நினைவகச் சில்லைப் பெயர்த்தெடுத்து வேறொரு பொறியில் இணைத்துப் படித்துவிடலாம். மறையாக்கம் செய்த கைப்பேசியின் நிலை வேறு. அதன் சில்லைப் பெயர்த்தெடுத்தாலும் கிடைப்பது பொருளற்ற இலக்கக் குவியலே.

அதற்குரிய திறவுகோல் எங்கே இருக்கிறது? இங்குதான் அமைப்பின் நுட்பம் உள்ளது. ஐபோனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் செயலிக்குள்ளே, தொழிற்சாலையிலேயே ஓர் எண் பொறிக்கப்படுகிறது. எந்த மென்பொருளும் அதனை வெளியே எடுத்துப் படிக்க இயலாது. நீங்கள் இடும் எண்ணையும் இந்தப் பிறவி எண்ணையும் பிசைந்தே திறவுகோல் உருவாகிறது. ஆகவே திருடன் தன் வீட்டிலுள்ள ஆயிரம் கணிப்பொறிகளைக் கொண்டு ஊகிக்க முடியாது. அந்த ஒரே கைப்பேசியில்தான் முயன்றாக வேண்டும். ஒரு முயற்சிக்கு ஏறத்தாழ 80 மில்லிவினாடி ஆகுமாறு கணக்கு வேண்டுமென்றே கடினமாக்கப்பட்டிருக்கிறது. வேறு தடை எதுவுமில்லையென்று வைத்துக்கொண்டாலும், நான்கிலக்க எண்கள் பத்தாயிரத்தையும் முயல 13 நிமிடம் ஆகும்; ஆறிலக்கமாயின் 22 மணி நேரம். சிறிய ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த ஆறு குறிகளாயின், ஐந்தரை ஆண்டு! இதனால்தான் தவறான முயற்சிகளுக்கிடையே காத்திருக்கச் செய்வதும், பத்து முறை தவறினால் உள்ளிருப்பவற்றை அழித்துவிடுவதும் ஆகிய தடைகளும் சேர்க்கப்பட்டன. அழிப்பது என்றால் ஒவ்வொரு படமாக அழிப்பதன்று. திறவுகோலை மட்டும் அழித்தால் போதும். எஞ்சியவை நொடியில் குப்பையாகிவிடும்.

ஆயினும் இக்காப்பின் எல்லையையும் சொல்லவேண்டும். பூட்டிய கைப்பேசிக்கே இது காப்பு. நீங்களே திறந்து பிறர் கையில் கொடுத்தாலும், கண்ட செயலிக்கெல்லாம் இசைவு தந்தாலும், வங்கி அனுப்பிய எண்ணைத் தொலைபேசியில் யாரோ கேட்க ஒப்புவித்தாலும் ஏ.இ.எஸ். என்ன செய்யும்?

2014 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம், தன் புதிய கைப்பேசிகளின் பூட்டைத் தானே திறந்து செய்திகளை எடுத்துத்தர இனி இயலாது என்று அறிவித்தது. ஆண்டிராய்டு கைப்பேசிகளில் இது அத்துணை எளிதாக நிகழவில்லை. 2015இல் விரைவான செயலியுடைய கருவிகளுக்கு மட்டுமே மறையாக்கம் கட்டாயமாயிற்று. விலை குறைந்த கைப்பேசிகளின் செயலியில் ஏ.இ.எஸ். கணக்கைச் செய்யும் தனி உறுப்பு இல்லை. மறையாக்கினால் அவை தள்ளாடின. ஆகவே விதியிலிருந்து அவற்றுக்கு விலக்குத் தரப்பட்டது. விலக்கு என்பது ஒரு சலுகைபோல் ஒலிக்கிறது. உண்மையில், செல்வரின் கைப்பேசிக்குப் பூட்டு, ஏழையின் கைப்பேசிக்குத் தாழ்ப்பாள் என்பதே அதன் பொருள். 2019இல் கூகிள் பொறியாளர்கள் 'அடியான்டம்' என்னும் இலேசான முறையை ஆக்கி அக்குறையைத் தீர்த்தனர். அவ்வாண்டு வெளிவந்த ஆண்டிராய்டு பத்தாம் பதிப்புடன் விற்பனைக்கு வரும் எல்லாக் கருவிகளுக்கும் மறையாக்கம் கட்டாயமாயிற்று. இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் உவப்பான செய்தி இதுவே. செய்தித்தாள்களோ இதற்குப் பெரிய இடம் தரவில்லை.

பூட்டு வலுப்பட்டதும் அரசுகள் கவலையுற்றன. 1993இலேயே அமெரிக்க அரசு, தனக்கும் ஒரு திறவுகோல் வைத்துக்கொண்ட 'கிளிப்பர்' என்னும் சில்லை முன்வைத்தது. அடுத்த ஆண்டே மேட் பிளேஸ் என்னும் ஆய்வாளர் அதில் ஓர் ஓட்டையைக் காட்டினார், சில்லு மறைந்தது. நம் நாட்டில் 2015 செப்டம்பரில் வெளியான மறையாக்கக் கொள்கை வரைவு, குடிமக்கள் தம் செய்திகளின் வெளிப்படையான படியை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. கண்டனம் எழவே, சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. தனிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள்.

இப்போராட்டம் நீதிமன்றத்தில் நேருக்கு நேர் நின்றது கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில். 2015 டிசம்பர் 2ஆம் நாள் அங்கு நடந்த துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் மாண்டனர். சுட்டவருள் ஒருவருக்கு அவர் பணியாற்றிய மாவட்ட அலுவலகம் அளித்திருந்த ஐபோன் 5சி கைப்பற்றப்பட்டது. அவர் இறந்துவிட்டார், எண்ணோ அவரோடு போயிற்று. பத்து முறைத் தடையை நீக்கும் தனி மென்பொருளை ஆக்கித் தருமாறு, 1789ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் துணைக்கொண்டு, 2016 பிப்ரவரி 16ஆம் நாள் நீதிமன்றம் ஆப்பிளுக்கு ஆணையிட்டது. நிறுவனம் மறுத்தது. ஒரு கைப்பேசிக்காகச் செய்யும் கருவி எல்லாக் கைப்பேசிகளையும் திறக்கும் என்பது அதன் வாதம். மாண்டவர்களின் குடும்பத்தாருக்கு உண்மை முழுவதும் தெரியவேண்டாமா என்பது எதிர்வாதம். இரண்டையும் எளிதில் தள்ளிவிட முடியாது என்றே நான் எண்ணுகிறேன்.

ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். அக்கைப்பேசி நிறுவனத்தின் சேமிப்பகத்தில் வைத்திருந்த படிகளை, அக்டோபர் 19ஆம் நாள் வரைக்குமானவற்றை, ஆப்பிள் முன்னரே அளித்துவிட்டிருந்தது. அப்படிகளுக்குரிய திறவுகோல் நிறுவனத்திடம் இருந்தது. கருவிக்குள் இருந்தது காக்கப்பட்டது. வெளியே அனுப்பப்பட்டது காக்கப்படவில்லை. புதிய படி ஒன்றை வருவித்திருக்கலாம். ஆனால் புலனாய்வாளரின் கோரிக்கைப்படி கணக்கின் கடவுச்சொல் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் மாற்றப்பட்டுவிட்டதால் அவ்வழியும் அடைபட்டது.

வழக்கு மார்ச் 22ஆம் நாள் விசாரணைக்கு வருவதாயிருந்தது. அதற்கு முந்திய நாள், வேறொருவர் வழி காட்டியிருப்பதாக அரசு கூறி ஒத்திவைக்கக் கேட்டது. மார்ச் 28ஆம் நாள், கைப்பேசி திறக்கப்பட்டுவிட்டது என்று அறிவித்து, தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றது. இரு தரப்பாரும் எழுதிக் குவித்த வாதங்கள் அந்நீதிமன்றத்தில் தீர்ப்பின்றியே நின்றுவிட்டன.