தானுந்துத் தட்பவெப்பக் கட்டுப்பாடு

தானுந்துத் தட்பவெப்பக் கட்டுப்பாடு என்பது தானுந்தின் உட்புறக் காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், ஓட்டம் ஆகியவற்றைப் பயணிகளுக்கு ஏற்றவாறு வைத்திருக்கும் அமைப்பாகும். இது கைமுறைக் கட்டுப்பாடு, தன்னியக்கக் கட்டுப்பாடு என இரு வகைப்படும். இரண்டிலும் குளிரூட்டும் கருவிகள் பெரும்பாலும் ஒன்றே. அவற்றை ஆளும் முறையே வேறுபடுகிறது.

வரலாறு

அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாதிரித் தானுந்துகளில் குளிரூட்டியை விருப்பத் தேர்வாக வழங்கியது. அதன் அமுக்கியை இருக்கையிலிருந்தவாறு நிறுத்த இயலாது. பொறியை நிறுத்தி, இறங்கிச் சென்று, அமுக்கியின் பட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது. 1954இல் நாஷ் நிறுவனம் சூடேற்றியையும் குளிரூட்டியையும் ஒருங்கிணைத்து, ஓட்டுநர் முன்னுள்ள முகப்புப் பலகையிலிருந்தே இயக்கும் வசதியை அளித்தது. 1964ஆம் ஆண்டு மாதிரிக் காடிலாக் தானுந்துகளில் 'கம்ஃபர்ட் கண்ட்ரோல்' என்ற பெயரில் தன்னியக்கக் கட்டுப்பாடு அறிமுகமானது.

செயற்படும் முறை

உள்ளே வரும் காற்று முதலில் ஆவியாக்கியின் வழியே சென்று குளிர்வதுடன் ஈரப்பதத்தையும் இழக்கிறது. பின்னர் அதில் ஒரு பகுதி, பொறியிலிருந்து வரும் சுடுநீர் ஓடும் சூடேற்றியின் வழியே செலுத்தப்படலாம். எவ்வளவு காற்று அவ்வாறு செல்ல வேண்டும் என்பதைக் கலப்புக் கதவு தீர்மானிக்கிறது.

கைமுறை வகையில் ஓட்டுநர் திருப்பும் குமிழ், இக்கதவின் நிலையை மட்டுமே மாற்றுகிறது. குறிப்பிட்ட வெப்பநிலையை நிலைநிறுத்துவதில்லை. எனவே வெயிலோ வேகமோ மாறும்போது குமிழை மீண்டும் திருப்ப வேண்டியுள்ளது.

தன்னியக்க வகையில் ஓட்டுநர் 24 பாகை செல்சியசு போன்ற ஒரு வெப்பநிலையைக் குறித்தால் போதும். உட்புற வெப்பம், வெளிப்புற வெப்பம், வெயிலின் கடுமை ஆகியவற்றை உணரிகள் அளக்கின்றன. அவற்றைக் கொண்டு கட்டுப்பாட்டுக் கருவி கலப்புக் கதவையும் விசிறியின் வேகத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கும். வெயிலில் நின்ற தானுந்தில் 24 பாகையைக் குறித்தாலும் இக்கருவி தொடக்கத்தில் முழு ஆற்றலுடனேயே இயங்கும். ஆதலால் 16 பாகையைக் குறிப்பதால் பொதுவாக விரைவில் குளிர்வதில்லை. பின்னர் தேவைக்கு மேல் குளிர்வதே நிகழும்.

நிறைகளும் குறைகளும்

கைமுறை வகை எளியது, விலை குறைந்தது, பழுதுபார்க்க எளிதானது. தன்னியக்க வகை ஓட்டுநரின் கவனச் சிதறலைக் குறைக்கிறது. ஆனால் உணரிகளும் மின்னோடிகளும் மிகுதியாக இருப்பதால் பழுது நேரும் இடங்களும் மிகுதி. முகப்புப் பலகை மீதுள்ள வெயில் உணரியைத் துணியோ பொம்மையோ மறைத்தால் கணிப்புத் தவறும்.

பாதுகாப்பு

மழைக்காலத்தில் பயணிகளின் மூச்சிலுள்ள ஈரம் முன்கண்ணாடியில் படிந்து பார்வையை மறைக்கும். உட்காற்றையே சுழலவிடுவது இதனை மிகுவிக்கும். வெளிக்காற்றை உள்ளே விட்டு, குளிரூட்டியை இயக்கி, காற்றைக் கண்ணாடியை நோக்கிச் செலுத்தினால் பனிப்படலம் நீங்கும். தன்னியக்க வகைகள் பலவற்றில் ஒரே பொத்தான் இவை அனைத்தையும் செய்கிறது. கைமுறை வகையில் இவற்றை ஓட்டுநரே தனித்தனியே செய்ய வேண்டியிருக்கலாம்.

பொறியை நிறுத்தியதும் இரு வகைகளிலும் குளிரூட்டல் பொதுவாக நின்றுவிடும். வெயிலில் மூடி நிறுத்தப்பட்ட தானுந்தின் உள்வெப்பம் சில நிமிடங்களிலேயே உயரத் தொடங்கும். எனவே குழந்தைகளையோ வளர்ப்பு விலங்குகளையோ அதனுள் தனியே விட்டுச்செல்வது உயிருக்கு ஆபத்தானது.