மிஸ்ட்ரால்: ஈயத்தில் ஓடிய கையெழுத்து

ஈய எழுத்துக் கோத்துப் பிழைத்தவன் நான். கையெழுத்து மாதிரி டைப்பில் மேட்டர் வந்தாலே எங்கள் கம்பாசிட்டர்களுக்கு எரிச்சல் வரும். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி ஈயத்துண்டு. பேனாவை எடுக்காமல் எழுதியதுபோல அது தாளில் விழவேண்டுமானால், ஒரு துண்டின் வலது ஓரத்தில் முடிகிற கோடும் அடுத்த துண்டின் இடது ஓரத்தில் தொடங்குகிற கோடும் ஒரே உயரத்தில் முட்டவேண்டும். மயிரிழை பிசகினால் நடுவே வெள்ளைக் கீற்று தெரியும். இந்தச் சங்கடம் தெரிந்ததால்தான், 1953இல் பிரான்சில் வெளிவந்த ‘மிஸ்ட்ரால்’ எழுத்துருவை அச்சுத்தொழிலின் பெரிய சாதனைகளில் ஒன்று என்கிறேன்.

வரைந்தவர் ரோஜே எக்ஸ்கோஃபோன். 1910இல் மார்சேயில் பிறந்தவர். சட்டம் படித்துவிட்டு, பாரிசுக்குப் போய் ஓவியத்தில் இறங்கியவர். மார்சேயில் இருந்த ஒலிவ் எழுத்து வார்ப்பகத்தை நடத்திய மார்செல் ஒலிவ் அவருடைய மைத்துனர். பாரிசில் டெபர்னி பெய்ன்யோ என்ற பெரிய வார்ப்பகம் கோலோச்சிய காலம் அது. இரண்டாம் உலகப்போர் முடிந்து கடைகளும் விளம்பரங்களும் பெருகிவந்த நேரத்தில், அதற்குப் போட்டியாக எக்ஸ்கோஃபோன் ஒலிவுக்கு வரைந்த புது எழுத்துகள் மார்சேயிலிருந்து வரிசையாக வந்தன: 1951இல் பாங்கோ, 1953இல் மிஸ்ட்ரால், 1955இல் ஷோக்.

தூரிகை எழுத்து அதற்கு முன்னும் இருந்தது. அமெரிக்காவில் 1942இல் ராபர்ட் ஸ்மித் செய்த ‘பிரஷ் ஸ்கிரிப்ட்’, போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்டின் சீரான கை. எக்ஸ்கோஃபோன் எடுத்துக்கொண்டதோ தம் சொந்தக் கையெழுத்தை. எழுத்துகள் ஏறி இறங்கும். ஓரங்கள் மை வற்றிய தூரிகைபோலச் சொரசொரக்கும். இத்தனைக்கும் நடுவில், இணைகிற இடம் மட்டும் எல்லா எழுத்துக்கும் ஒன்றே. வரப்பு எப்படி வளைந்தாலும் மடை மட்டம் மாறாத வயலைப்போல. ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கி மார்சேயை உலுக்கும் குளிர்காற்றின் பெயரையே இந்த எழுத்துக்கு வைத்தார்.

பிரான்சின் முடிதிருத்தகம், ரொட்டிக்கடை, காப்பிக்கடைப் பலகைகளில் அது ஊர் ஊராகப் பரவியது. ஒலிவ் வார்ப்பகம் 1978இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் நிறுவனத்தின் கைக்குப் போன பிறகும் எழுத்து நிற்கவில்லை. மைக்ரோசாஃப்ட் ஆபீசோடு உலகெங்கும் கணினிகளில் ஏறியது. 2011இல் வந்த ‘டிரைவ்’ படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ரோஜா நிற மிஸ்ட்ராலில்தான் ஓடின.

சொந்தக் கையால் எழுதியதுபோன்ற நெருக்கம் வேண்டிய இடத்துக்கு அது பொருந்தும்: கடைப்பெயர், சினிமாத் தலைப்பு, வாழ்த்து அட்டை, கல்யாணப் பத்திரிகையில் ஆங்கிலத்தில் வரும் மணமக்கள் பெயர். பத்தி பத்தியாகப் படிப்பதற்கு ஆகாது.

டிடிபியில் உட்காரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். இடத்தை நிரப்புவதற்காக மிஸ்ட்ராலின் எழுத்துகளை இழுத்து இடைவெளி விடாதீர்கள். முழுப் பெயரையும் கேப்பிடலில் அடிக்காதீர்கள். ஈயத்தில் அந்த மனிதர் பாடுபட்டுச் சேர்த்த இணைப்பு, இரண்டு தட்டில் அறுந்துபோகும்.